வளைகுடா கேட்ட ஒரே கேள்வி

நடுக்கடலிலிருந்து ஓர் அலை ஒரு சின்ன வளைகுடாவுக்குள் வந்தது. நீளம் இரண்டு மைல், உயரம் வெறும் ஒரு சாண்.

"வழியில ஒரு கப்பல் என் மேலேயே ஏறிப் போச்சுக்கா. திரும்பிக்கூடப் பார்க்கலை," என்றது அலை.

"அப்படியா! சும்மாவா விட்டே?" என்று வளைகுடா கேட்டது.

அலைக்குச் சுருக்கென்றது. கரையில் மோதி, பத்து நிமிடத்தில் வளைகுடாவின் வாசலுக்குத் திரும்பியது. சரியாக அந்த நேரத்தில் அதன் தம்பி, பின்னால் வந்த அடுத்த அலை, உள்ளே வந்துகொண்டிருந்தது. அண்ணன் விஷயத்தைச் சொன்னது. இரண்டும் சேர்ந்து உள்ளே வந்தபோது உயரம் இரண்டு சாண்.

"தம்பியும் வந்தாச்சு. இன்னுமா சும்மா விட்டு வச்சிருக்கீங்க?" என்றது வளைகுடா.

கரையோரம் கட்டிக் கிடந்த படகு கெஞ்சியது. "அக்கா, ஒரு தடவை பேசாம இரேன். அந்தக் கப்பல் இந்நேரம் சிங்கப்பூரே போயிருக்கும்."

அக்கா கேட்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தம்பி, தவறாமல் வாசலில் அண்ணன்மாரோடு சேர்ந்துகொண்டது. ஒன்பதாவது தம்பி வந்தபோது தண்ணீர் கரையேறி, கயிறு அறுந்த படகு அங்கிருந்த ஐஸ் பாக்டரியின் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. எதற்காக வந்தோம் என்பது மறந்துபோய் அலைகள் கலைந்து போயின.

"நான் என்ன பண்ணேன்? ஆறுதலா ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான்," என்றது வளைகுடா. பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தது. "அடப்பாவமே! உன்னை இறக்கிவிட ஒருத்தரும் வரலையா?"

படகு அவசரமாகச் சொன்னது: "எனக்கு ஒரு குறையும் இல்லக்கா. இங்கே காத்து நல்லா வருது."