பாறைக்குள் ஓடும் படம்

பாறை சரிந்து பாதையை அடைத்துவிட்டது. ஒரூரோ மலையில் வெள்ளீயம் வெட்டும் ஃபெர்மீனும் லூசியோவும் சுரங்க மூலையில் ஒண்டியிருக்கிறார்கள். தலைவிளக்குகளை அணைத்தாகிவிட்டது. ஃபெர்மீனின் கைபேசி மட்டும் ஒளிர்கிறது. மகளுக்காக அவன் இறக்கி வைத்திருந்த ஆவணப்படம் அதில் ஓடுகிறது. நிலவுக்குப் போகும் வழியில் விண்கலம் பழுதாகி, மூன்று பேர் குளிரில் ஒடுங்கியிருக்கிறார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது. சற்றுமுன்வரை பாறையை வெறுங்கையால் பிறாண்டி அலறிய லூசியோ, பசியும் களைப்பும் தெரியாதிருக்க வாயில் அடக்கிய கொக்கா இலையை மெல்லவும் மறந்து பார்க்கிறான். அவன் நகக்கண்களில் ரத்தம் உறைந்திருக்கிறது. "இவனுங்க ஏண்ணே கத்தவே மாட்டேங்கிறானுங்க?" "கத்தினா காத்து செலவாகும்டா," என்கிறான் ஃபெர்மீன். லூசியோ வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெல்ல மூச்சு விடுகிறான். மேலிருந்து பொடிக்கல் உதிர்கிறது. இருவரும் தோளைக் குறுக்குகிறார்கள், கண்ணை எடுக்கவில்லை.

திரையில் கலம் பூமியை நெருங்குகிறது. தரையிலிருந்து கூப்பிட்டால் கலத்திலிருந்து பதில் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அணைந்துபோகிறது. இருட்டில் லூசியோவுக்கு மறுபடி மூச்சு இரைக்கிறது. "அண்ணே! வந்து சேந்தானுங்களா இல்லையா? சொல்லுண்ணே!" ஃபெர்மீன் இந்தப் படத்தை இதற்குமுன் பார்த்ததில்லை. "ரெண்டு தடவ பாத்துட்டேன்டா. மூணு பேரும் உசுரோட வந்துட்டானுங்க." "சத்தியமா?" "பூமித்தாய் மேல சத்தியம்." அவள் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் மேலேயே சத்தியம் செய்துவிட்டு, லூசியோவின் மூச்சு தணிவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறான். தணிகிறது. அதன் பிறகுதான் அடக்கிவைத்திருந்த தன் மூச்சை விடுகிறான்.