பழுப்புச் சட்டி

சர்ச் மதிய விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஹெப்சிபா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

மக்காச்சோள மாவும் கரும்புப் பாகும் சேர்த்து அவள் மூன்று மணி நேரம் வேகவைத்துக் கொண்டுவந்த புட்டிங் பாதிகூடத் தீரவில்லை. பக்கத்தில் அதே புட்டிங்கோடு யாரோ வைத்துவிட்டுப் போன பழுப்புச் சட்டியையோ வழித்துத் துடைத்திருந்தார்கள். மூன்று வருடமாக இதே கதை.

“கிளம்பலாமா?” என்றார் கணவர் ஆல்டன்.

“சட்டிக்காரி சட்டியை எடுக்க வரணும்ல? யாருன்னு பாத்துட்டுத்தான் வருவேன்.”

“யாரா இருந்தா உனக்கென்ன? நீ போ, நான் மேசையெல்லாம் மடக்கி வெச்சுட்டு வரேன்.”

“ஏன், என்னை அனுப்பிட்டு நேரா உன் படகுக் கொட்டகைக்குப் போகவா? இறால் கூண்டைச் சரிபண்றேன்னு நேத்து முழுக்க அங்கதானே கிடந்த!”

கடைசியாகப் போதகரின் மனைவியும் விடைபெற்றுப் போனாள்.

“ஒருத்தியும் வரலையே! இனிமே இங்க யாரு இருக்கா? நீயும் நானும்தான்!”

ஆல்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு மெல்லப் போய்ப் பழுப்புச் சட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“கொட்டகையில பழைய அடுப்பு ஒண்ணு இருக்கு, ஹெப்சி.”

அவளுக்குக் கோபம்கூட அப்புறம்தான் வந்தது. “அப்படி என்னதான் போடுற அதுல?”

“நீ போடுறதேதான். கடைசியா மேல பச்சைப் பாலை ஊத்தினதும் கிளறாம விட்டுடணும். அவ்வளவுதான்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னேன்,” என்றார் ஆல்டன், கதவுப் பக்கம் நகர்ந்தபடி. “அப்ப உன் கையில கரண்டி இருந்துச்சு.”