நாலு பேருக்கு ஒரு படகு

"அந்தப் படகு கிளப் கார்டை விட்டுத் தொலைக்கலாம்னு எங்க வூட்டுக்காரர் சொல்றாரு ஜெயா. உங்க வூட்டுக்காரர் மட்டும் கூடவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாராம். அப்படி என்னதான் இருக்குதாம் அந்தத் தண்ணில?"

துணி காயப்போட மாடிக்கு வந்த ஜெயப்ரியாவை அங்கேயே மடக்கிவிட்டாள் பக்கத்து வீட்டு நாராயணம்மா.

விஷயம் இதுதான். ஜெயப்ரியாவின் கணவன் விமல்ராஜ், நாராயணம்மாவின் கணவன் திம்மப்பன், கூட இன்னும் ரெண்டு பேர், எல்லாரும் ஓசூரில் ஒரே கம்பெனி. போன வருஷம் நாலு பேரும் சேர்ந்து, கர்நாடகா பார்டர் தாண்டி இருக்கிற ஏரியில் படகு கிளப் மெம்பர்ஷிப் எடுத்தார்கள். நாலு பேருக்கு ஒரு கார்டு, ஒரு படகு. ஆளுக்கொரு ஞாயிறு; மற்ற நாளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

முதல் மாசம் பிரியாணிப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாகப் போய் வந்தார்கள். அப்புறம் கொசு, வெயில், கல்யாணம், காதுகுத்து. படகு பாட்டுக்குக் கரையில் கிடந்தது. புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள். ஒருத்தர் விலகினாலும் கார்டு செல்லாது.

"எங்க முறைக்கே நாங்க போறதில்லையே அக்கா," என்றாள் ஜெயப்ரியா.

"நீ போறதில்ல. அவரு போறாரு! தினமும் போறாரு. கார்டு எங்க வூட்டுக்காரர் பேர்ல இருக்குதா, படகு எடுத்தா இவரு போனுக்கு மெசேஜ் வருது. நோடு, நீயே பாரு, இன்னிக்கும் எட்டு மணிக்கு வந்திருக்குது."

"இருக்காதுக்கா. நைட் ஷிப்ட் முடிச்சு அவருக்கு மத்தியானம் வரைக்கும் ஓவர்டைம்."

"யாவ ஓவர்டைம், எந்த ஓவர்டைம்? மூணு மாசமா கம்பெனில ஷிப்டுக்கே ஆர்டர் பத்தல. ஓவர்டைம் ஆகாசத்துல இருந்தா வரும்?"

ஜெயப்ரியா கையிலிருந்த துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

யோசிக்க யோசிக்க எல்லாம் கணக்காக வந்து பொருந்தியது. ராத்திரி முழுக்க வேலை, அதுக்கு மேல ஓவர்டைம் என்று சொல்கிற மனுஷன், மூணு மணிக்கு வீட்டுக்கு வரும்போது முகம் புது மாப்பிள்ளை கணக்காகப் பளிச்சென்று இருக்கிறது. வந்து படுப்பதுகூட இல்லை!

இன்னொன்றும் இருக்கிறது. அவள் தங்கச்சி சுசித்ரா தலைப்பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு இங்கே வந்து ஒரு மாசம். இந்த ஓவர்டைமுக்கும் சரியாக ஒரு மாசம். 'என் பக்கத்து சொந்தம்னாலே இந்த ஆளுக்கு வேப்பங்காய்தான். இதுதான் சாக்குன்னு எங்கியோ போய்க் கூத்தடிக்கறாரா? கையும் களவுமாப் பிடிக்கறேன் இரு!'

"ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்டி, என் பிள்ளையப் பாத்துக்கோ," என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, ஜூஜுவாடி ஸ்டாண்டில் ஏரிக்கு ஆட்டோ பிடித்தாள்.

கிளப் வாசலில் லால் பாஷா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். படகுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"விமல்ராஜ் வந்திருக்காரா பாய்?"

"இருக்காரே. நீங்க யாரும்மா?"

"சொந்தக்காரங்க."

பேசிக்கொண்டே நோட்டை எட்டிப் பார்த்தாள். விமல்ராஜ் பேருக்கு நேரே, லைஃப் ஜாக்கெட் இரண்டு என்று எழுதியிருந்தது. நேற்றும் இரண்டு. முந்தாநாளும் இரண்டு.

ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு?

"கூட யாரு பாய்?"

லால் பாஷா சிரித்தார். "நீங்களே போய்ப் பாருங்க. அந்தப் புங்க மரத்துக்கு அடியிலதான் படகைக் கட்டியிருக்காரு."

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கரையோரமாகவே நடந்தாள். வேறு யாராவது இருந்துவிட்டால்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மரத்தடிக்கு வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

விமல்ராஜ் மட்டும்தான். ஒரு ஜாக்கெட் உடம்பில், இன்னொன்று தலைக்கு அடியில். வாயைப் பிளந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம்!

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சிலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தூங்கவா இங்கே வருகிறார்? என் தங்கச்சி முகத்தில் முழிக்கக்கூட அவ்வளவு கசக்குதா? ஆகட்டும். கார்டும் வேண்டாம், படகும் வேண்டாம். திம்மப்பன் சொல்வதுதான் சரி!

"ஏங்க..." என்று கத்த வாயைத் திறந்தாள்.

"உஷ்! எழுப்பிடாதீங்கம்மா," பின்னாலேயே வந்திருந்த லால் பாஷா பதறினார். "நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்திருக்காரு. வீட்ல இருக்கறது ஒரே ரூமாம். கொழுந்தியா பச்சக் குழந்தையோட இருக்குதாம்."

"அது இருக்கறது பிடிக்கலையாக்கும்?" வெடுக்கென்று கேட்டாள்.

"ஐயய்யோ, யாரும்மா சொன்னது? வீட்ல ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு வர்றாரு பாவம். கார்டு மட்டும் போயிடாமப் பாத்துக்குங்க பாய்னு தினமும் என்னைக் கெஞ்சறாரு. 'தாய் இல்லாத பொண்ணு பாய் அது. நான் தூக்கத்துக்கு அல்லாடறதைப் பாத்தா, மாமாவுக்குத் தொந்தரவுன்னு நாளைக்கே பொட்டியக் கட்டிடும். மூணு மாசம் தாய்வீட்டுல இருக்கறதாவே அது நெனச்சுக்கட்டும்'ங்கறாரு!"