நிருதியில் கேட்கவும்

மூன்றாவது முறையாக நிருதி லிங்கத்துக்குள் போய்த் தேடிவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்தாள் கவிநிலா.

நிருதி என்பது இங்கே கோயில் அல்ல, கம்ப்யூட்டரில் ஒரு போல்டர். செங்கம் ரோட்டில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் அந்தச் சின்ன கம்பெனியின் லாட்ஜ் புக்கிங் ஆப்பில் மொத்தம் எட்டு போல்டர்கள். எட்டுக்கும் கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களின் பெயரை வைத்திருந்தார், ஆப்பை எழுதிய ஆதிமூலம். நாலு மாதத்துக்கு முன் அவர் வேலையை விட்டுப் போய்விட, அந்த நாற்காலியில் இப்போது இவள்.

பெயர் வைத்தாரே தவிர, எதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை அந்த மகானுபாவர். புரோகிராம் எழுதும் எடிட்டரோ ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, அக்னியை முதலிலும் எமனைக் கடைசியிலும் நிறுத்தியிருந்தது. காலையிலிருந்து கிரிவலத்தைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டிருந்தாள் கவிநிலா.

"என்னம்மா ஆச்சு?" முதலாளி அருணகிரி பின்னால் வந்து நின்றார். "அஞ்சு மணிக்கு பௌர்ணமி புக்கிங் ஓப்பன் பண்ணணும். ஆப்பு இன்னும் பௌர்ணமி சனிக்கிழமைனே காட்டுது. நெலா வியாழக்கிழமையே வந்துடும்."

"போன பௌர்ணமி வரைக்கும் சரியாத்தான் காட்டிச்சு சார். இப்ப தேதிய மாத்தணும்னா எந்த பைல்ல இருக்குதுனே தெரியல. தேடினா முந்நூத்திப் பன்னெண்டு எடத்துல பௌர்ணமினு வருது. ஒண்ண மாத்தினா நாலு எடத்துல தப்புன்னு செவப்புக் கோடு வுழுது."

"அவன் ஒண்ணுமே எழுதி வெக்கலியா?"

"ஒரே ஒரு வரி சார்."

திரையில் அந்த வரியைக் காட்டினாள். 'பௌர்ணமி கணக்கு புரியவில்லை என்றால் நிருதியில் கேட்கவும்.'

"அப்ப நிருதில பாக்க வேண்டியதுதானே?"

"பாத்துட்டேன் சார். உள்ள பதினாறு போட்டோதான் இருக்குது. கட்டிலு, மெத்தை, பக்கெட்டு."

அருணகிரி பெருமூச்சு விட்டார். "போன் போட்டா சுவிட்ச் ஆஃப். பெங்களூர்ல எங்கயாச்சும் ஜாஸ்தி சம்பளத்துக்குப் போயிருப்பான். இத பாரும்மா, அஞ்சு மணிக்கு ஓப்பன் ஆவலைனா லாட்ஜ்காரங்க வேற ஆப்புக்குப் போயிடுவாங்க. அப்புறம் உன்ன வெச்சிக்க என்னால முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள் அவள். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வீட்டில் கிடந்த பிறகு கிடைத்த வேலை. மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று வேர்க்கடலை காயும் மல்லாட்டைக் களத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிற அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? கண் கலங்கியது. காலை நீட்டினாள். மேஜைக்கடியில் கிடந்த செருப்பு இடறியது.

தினமும் இடறுகிற செருப்புதான். டீ கொண்டுவந்த, ஆபீஸைப் பெருக்குகிற உண்ணாமலையிடம் எரிந்து விழுந்தாள்.

"யாருதுக்கா இது? தூக்கிப் போட்டாத்தான் என்ன?"

"ஆதிமூலம் சாருது பாப்பா. போன அன்னிக்கு இங்கியே வுட்டுட்டுப் போயிட்டாரு. புதுச் செருப்பாச்சே, தேடிக்கினு வருவார்னு வெச்சிருக்கேன்."

கவிநிலா டீயைத் தொடவில்லை. கூடுதல் சம்பளத்துக்குப் போகிற மனுஷன் வெறுங்காலோடா போவான்? அந்த வரியை மறுபடியும் படித்தாள். நிருதியில் பார்க்கவும் என்றல்ல, கேட்கவும் என்றிருந்தது.

மணி நாலு பத்து. லேப்டாப்பை ஒரு கையிலும் செருப்பை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கீழே ஓடி, ஆட்டோவில் ஏறினாள்.

"நிருதி லிங்கம் போங்கண்ணா. சீக்கிரம்."

நிஜமான நிருதி லிங்கத்தின் வாசலில் பதினைந்து இருபது காவி வேட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாமே தாடி. ஆதிமூலத்தை அவள் பார்த்ததே இல்லை. வேறு வழி தெரியாமல் செருப்பை எல்லோர் முன்னாலும் தரையில் வைத்தாள்.

நாலாவதாக இருந்தவர் மட்டும் செருப்பைப் பார்த்துவிட்டு, காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஆதிமூலம் சார்தானே?"

"ஆமாம்மா."

பெங்களூர் அல்ல, ஆட்டோவில் பத்து நிமிஷம். கவிநிலாவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. லேப்டாப்பைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். தன் வரியைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

"எல்லாத்தயும் மறக்கணும்னுதாம்மா இங்க வந்து உக்காந்தேன். இந்தக் கணக்கு மட்டும் போவவே இல்ல. கம்பெனிலேர்ந்து யாராச்சும் வந்து கேட்டா சொல்லி எறக்கி வெச்சிடலாம்னு தினம் வழிய பாத்துக்கினே இருந்தேன்."

"நான் வந்துட்டேன் சார். அஞ்சு மணிக்குள்ள மாத்தலைனா என் வேல போயிடும். பௌர்ணமி தேதி எந்த பைல்ல இருக்குது?"

அவருடைய விரல் அக்னியில் தொடங்கி எமன்வரை மெதுவாக இறங்கியது. மறுபடி மேலே ஏறியது. ஒவ்வொரு பெயரையும் முதன்முறை பார்ப்பவர்போல் வாய்க்குள் படித்தார். பிறகு லேப்டாப்பை மூடி, பத்திரமாக அவள் கையில் கொடுத்தார்.

"லேட்டா வந்துட்டியேம்மா. அந்தக் கணக்கும் போன பௌர்ணமிக்குத்தான் மறந்துச்சு."