மெஷின் பார்க்கப் போன கை டிரில்

எஸ்தர் டீச்சர் லீவு நாட்களில் வீட்டு ஷெட்டில் மர ஸ்டூல் செய்வார். கை டிரில்லில் போட்ட ஓட்டைகள் கோணலாகிப்போய், ஸ்டூல்கள் எல்லாம் ஆடின. மேசைமேல் நிற்கும் பில்லர் டிரில் ஒன்று வாங்கலாமென்று கடைக்குப் போனவர், கை டிரில்லையும் பையில் எடுத்துப்போனார்.

"நீயே பார்த்துச் சொல்லு," என்றார் அதனிடம்.

கை டிரில் கணக்குப் போட்டது: புதிது வந்தால் தனக்கு இனி அட்டைப்பெட்டிதான். முதல் மெஷினைப் பார்த்து, "உயரம் ஜாஸ்தி. நம்ம ஷெட் பரண்ல தலை இடிக்கும்," என்றது. கடைக்காரர் அடுத்ததை ஓடவிட்டதும், "ஐயையோ, என்ன சத்தம். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க," என்றது.

ஓடி நின்ற அந்த மெஷின் மெல்லக் கேட்டது: "அண்ணே, உங்க வீட்டுச் சுவர்ல ஓட்டை போடுறது யாரு?"

"நான்தான். ஏன், அதையும் பிடுங்கிக்கப் போறியா?"

"என்னால எப்படி முடியும்? என்னை மேசையோட சேர்த்து முடுக்கிடுவாங்க. பலகை என்கிட்ட வந்தா நேரா ஓட்டை போடுவேன். சுவர் என்கிட்ட வராதே."

கை டிரில் கொஞ்சம் யோசித்தது. "கண்ணாடி மாட்ட, ஸ்கிரீன் கம்பி போட, எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும் நீங்கதான்."

எஸ்தர் பையைத் தூக்கினார். "நீ சொன்னது சரிதான், சத்தம் அதிகம். வேற கடை பார்ப்போம்."

"சத்தமா?" என்றது கை டிரில். "இன்னொரு தடவை ஓடவிடச் சொல்லுங்க டீச்சர். நாதஸ்வரம் மாதிரி இருக்கு."