காலி அட்டைப்பெட்டிகள்

அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் இரண்டாவது அறையில் ஒன்பது வருடங்களாகக் காலி அட்டைப்பெட்டிகள்தான் குடியிருந்தன. லேத் வேலைக்காக வெளிநாடு வந்த திருமேனி, டிவி, மிக்ஸி, மைக்ரோவேவ், தொட்டில் என்று வாங்கிய எல்லாவற்றின் பெட்டியையும் தெர்மோகோல் உடையாமல் எடுத்து வைத்திருந்தான். விசா நீட்டிப்பு கிடைக்காவிட்டால் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிடலாம் அல்லவா. மகளுக்கு எட்டு வயதாகியும் கூடத்தில்தான் படுக்கை. நிரந்தர வசிப்புக்கான விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. வயது ஏற ஏற விண்ணப்பத்துக்குத் தரும் மதிப்பெண் குறையும் என்பதால் அவன் பிறந்தநாள் கொண்டாடுவதையே விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலை நிரந்தர வசிப்புக்கான அனுமதிக் கடிதம் வந்தது. திருமேனி அதை மூன்று முறை படித்தான். அவன் மனைவி வேல்விழி ஒரு முறைதான் படித்தாள். நேராக அந்த அறைக்குப் போய், டிவி வந்த பெட்டியின் மேல் ஏறி மிதித்தாள். அது படாரென்று அமுங்கியது. மகளும் ஓடிவந்து ஏறிக் குதித்தாள்.

"மிக்ஸி வந்த பெட்டி மட்டும் இருக்கட்டுமே விழி. நல்ல பெட்டி."

"மிதிங்க."

மிதித்தான்.

மூவரும் அட்டைகளைச் சுமந்துபோய்த் தெருவோரம் குவித்தார்கள். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா குவியலைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, வீடு மாறப் போறீங்களோ?" என்று கேட்டார்.

வேல்விழி தலையில் ஒட்டியிருந்த தெர்மோகோல் துகள்களைத் தட்டிவிட்டாள்.

"இல்லக்கா. இப்பத்தான் குடி வர்றோம்."