ஒரு வேளைகூடத் தவறாமல்

அப்பாவின் போனில் மாத்திரை வேளையை மணியடித்து நினைவூட்டும் ஆப்பைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து, மேனேஜராக இருக்கும் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடமும், தன் போனுக்கு வரும் அதன் கணக்கைத்தான் முதலில் நீட்டினான்.

"பாருங்க டாக்டர், ஒரு வேளைகூடத் தவறலை. எல்லாம் பச்சை டிக்! ஆபீஸ்ல உக்காந்துகிட்டே அப்பாவைப் பார்த்துக்கறேன்."

"அப்படியும் சர்க்கரை இறங்கலையே! சரி, டோஸை ஏத்திடலாம்."

அப்பா மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் லீவு. புது மாத்திரைகளை மகனே பிரித்து, தண்ணீரோடு கொடுத்தான். அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்பா விழுங்கினார். மதியத்துக்குள் வேர்த்துக் கொட்டி, நாக்குழறிச் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியபிறகுதான் கண் திறந்தார். டாக்டருக்குக் குழப்பம்.

"இத்தனை மாசமா மாத்திரை சாப்பிட்டுப் பழகின உடம்பு, இப்படிச் சரியாதே!"

"ஒரு வேளைகூடத் தவறலை டாக்டர்..." மகன் மறுபடி போனைத் தேடினான்.

அப்பா அவன் கையைப் பிடித்தார்.

"அது கத்தும்டா. பச்சையை அமுக்கினா வாயை மூடிக்கும். அதோட சரி, ஒண்ணைக்கூட நான் முழுங்கினதில்லை. இன்னிக்கு நீயே உன் கையால குடுத்தே. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."